கப்பலும் செக்கும் கொஞ்சம் கடனும்

"வ.உ.சி.க்கு ஜெயில்ல குடுத்த தண்டனைய நீ பேங்க்ல லோன் போட்டு வாங்குதியேலே!"

சங்கரன்கோவிலில் மரச்செக்கு எண்ணெய்க் கடை போடப்போகிறேன் என்று சொன்னதும் என் தாய்மாமா வழங்கிய ஆசீர்வாதம் இது. மாமா சர்க்கார் ஆபீஸில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஒண்ணாந்தேதி சம்பளம் வராத எதையும் அவர் வேலை என்று ஒத்துக்கொள்வதில்லை.

இத்தனைக்கும் எங்கள் ஊர் சொந்தத் தொழிலுக்குப் புதிதல்ல. சில தெருக்களில் தறிச் சத்தம் நின்றால்தான் தூக்கம் கலையும். விடியுமுன்னே பூ மார்க்கெட்டில் பிச்சிப்பூவுக்குச் சண்டை போடுவார்கள். அவ்வளவு ஏன், கோயிலுக்குள் இருக்கிற சாமியே கூட்டு வியாபாரம்தான். சங்கன் என்ற பாம்பு சிவன்தான் பெரியவர் என்றது, பதுமன் என்ற பாம்பு பெருமாள்தான் என்றது. பஞ்சாயத்து அம்பாளிடம் போனது. அம்பாள் தவமிருந்து கேட்க, ஆடித் தபசு அன்று இருவரும் ஆளுக்குப் பாதியாக ஒரே உடம்பில் வந்து நின்று சங்கரநாராயணர் ஆனார்கள். இன்றுவரை பார்ட்னர்களுக்குள் தகராறு இல்லை. "அவுகளுக்கு ஜி.எஸ்.டி. கிடையாதுலே" என்று மாமா அதையும் தள்ளிவிட்டார்.

தள்ளிவிட்டதோடு நிற்கவில்லை. சொந்தத் தொழில் தொடங்கி யார் யார் என்னென்ன ஆனார்கள் என்று பாடமெடுக்க ஆரம்பித்தார். அந்தப் பாடத்தில் முதல் பெயர், கடைசிப் பெயர், நடுவில் வருகிற பெயர் எல்லாமே ஒட்டப்பிடாரம் வ.உ. சிதம்பரம் பிள்ளைதான். பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டியில் நாம் தொண்டை வறளக் கத்திய அதே வ.உ.சி.யை, குடும்பத்தில் உருப்படாமல் போன ஒரு சித்தப்பாவைச் சொல்வதுபோல் மாமா சொன்னார். கேட்கக் கேட்க எனக்கு அந்த மனிதரை முதன்முறையாகப் பிடித்துப்போனது.

1872 செப்டம்பர் 5-ல் பிறந்தார். அப்பா பேர்பெற்ற வக்கீல். பையன் படித்துவிட்டுக் கொஞ்சநாள் தாலுகா ஆபீஸில் குமாஸ்தா. "அங்கனயே இருந்திருக்கணும்" என்றார் மாமா. வ.உ.சி. வாழ்க்கையில் அவர் முழு மனதோடு ஒப்புக்கொள்ளும் பகுதி அது ஒன்றுதான். பிறகு வக்கீலாகி, ஒட்டப்பிடாரத்திலும் தூத்துக்குடியிலும் நன்றாகத்தான் தொழில் நடந்தது. ஏழைகளுக்குக் காசு வாங்காமல் வாதாடினார். வரவேண்டிய காசை வேண்டாம் என்று சொல்கிற குணம் அப்போதே இருந்திருக்கிறது, வீட்டில்தான் யாரும் வைத்தியம் பார்க்கவில்லை.

சுதேசிக் காற்று அடித்தது. தர்ம சங்க நெசவுச் சாலை என்று ஒன்று, பண்டகசாலை என்று ஒன்று. இதுவரைக்கும் பரவாயில்லை, எங்கள் ஊர்க்காரனுக்கும் தறி புரியும், கடை புரியும். அடுத்து மனிதர் கடலைப் பார்த்தார். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் நடுவே பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி, சுருக்கமாக பி.ஐ., வைத்ததுதான் கட்டணம். சரக்கென்றாலும் ஆளென்றாலும் அவன் கப்பல்தான். நாமும் ஒரு கப்பல் கம்பெனி போட்டால் என்ன என்று வக்கீலுக்குத் தோன்றியது.

அதை அவர் வீட்டில் எப்படிச் சொல்லியிருப்பார் என்று யோசித்துப் பார்க்கிறேன். எண்ணெய்க் கடை என்றதற்கே எங்கள் வீட்டில் இரண்டு வேளை சோறு இறங்கவில்லை.

1906 அக்டோபர் 16-ல் சுதேசி நாவாய்ச் சங்கம் பதிவானது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். பங்கு ஆசியர்களுக்கு மட்டும், வெள்ளைக்காரன் வாங்க முடியாது. பாலவனத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் தலைவர். மதுரைத் தமிழ்ச் சங்கம் வைத்தவர். தமிழ் வளர்த்த கையோடு கப்பலும் வளர்க்க வந்தார். ஹாஜி முகமது பக்கீர் சேட் ஒருவரே 8,000 பங்கு, அதாவது 2 லட்சம் ரூபாய்க்கு வாங்கினார். வ.உ.சி.க்கு என்ன பதவி? உதவிச் செயலாளர். ஊர் ஊராக அலைந்து பங்கு விற்றதும் அவர்தான், பின்னால் உதை வாங்கியதும் அவர்தான். தொழிலில் பதவிக்கும் உதைக்கும் சம்பந்தமில்லை என்பது அன்றே தெரிந்துவிட்டது.

கம்பெனி இருக்கிறது, கப்பல் இல்லை. பம்பாய்க்காரர்களிடம் வாடகைக்கு எடுத்தார்கள். பி.ஐ. ஒரு மிரட்டு மிரட்டியதும் அவர்கள் கப்பலைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள். இது எங்கள் ஊரில் கூலிக்குத் தறி ஓட்டுகிறவனுக்கு நன்றாக விளங்கும். தறி உன்னுடையதாக இருக்கலாம். பாவும் நூலும் கொடுக்கிற முதலாளி ஒருநாள் 'இந்த வாரம் பாவு இல்லை' என்றால் தறி துணி காயப்போடத்தான் ஆகும். வ.உ.சி. கொழும்பிலிருந்து ஒரு கப்பலை அமர்த்திச் சமாளித்துக்கொண்டே, சொந்தக் கப்பல் வாங்கப் பம்பாய்க்கு ரயிலேறினார். திரும்பினால் கப்பலோடு வருவேன், இல்லையென்றால் கடலில் விழுந்து சாவேன் என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

என்னிடம் பேங்க் மேனேஜர் கேட்ட ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டிலும் தொழில் நடக்காவிட்டால் கடனை எப்படிக் கட்டுவாய் என்று ஒரு கேள்வி இருந்தது. கடல் என்று எழுத எனக்கும் ஆசைதான். சங்கரன்கோவிலில் கடல் இல்லை.

கப்பல் வந்தது, ஒன்றல்ல இரண்டு. காலியா, லாவோ. ஒவ்வொன்றிலும் முதல் வகுப்பில் 42 பேர், இரண்டாம் வகுப்பில் 24 பேர், சாதாரண வகுப்பில் 1,300 பேர், போதாததற்கு 4,000 மூட்டை சரக்கு. ஊரே துறைமுகத்தில் திரண்டது. பாரதி தன் பத்திரிகையில் கொண்டாடினார். கொண்டாடுவதற்குக் காசு கேட்காத ஒரே விளம்பரதாரர்.

இனிமேல்தான் வேடிக்கை. பி.ஐ. கம்பெனிக்காரன் கட்டணத்தை ஒரு ரூபாயாக இறக்கினான். சுதேசிக்காரர்கள் எட்டணா என்றார்கள். பி.ஐ.க்காரன் யோசித்தான். எட்டணாவுக்குக் கீழே எவ்வளவு? ஏறுகிறவனுக்குக் காசே வேண்டாம், சும்மா வா என்றான். அதோடு விட்டானா? வருகிறவனுக்கு ஒரு குடையும் இலவசம் என்றான்.

குடை! உலகத்தையே கட்டி ஆண்ட சாம்ராஜ்யம், ஒட்டப்பிடாரத்து வக்கீலுக்குப் பயந்து குடை விற்கிறவன் நிலைமைக்கு, இல்லை, குடையைச் சும்மா கொடுக்கிறவன் நிலைமைக்கு இறங்கியதை நம் பாடப்புத்தகங்கள் ஒரு வரியில் கடந்துபோகின்றன. எனக்கு அந்த இடத்தில் நாலு பக்கம் வேண்டும். குடைக்கு ஆர்டர் போட்ட துரை யார்? மேலிடத்துக்குக் கணக்கு எழுதும்போது அதை எந்தத் தலைப்பில் எழுதினார்? சுதேசிப் பற்றில் ஊறிய ஒருத்தர் குடைக்காக மட்டும் ஒருதரம் பி.ஐ. கப்பலில் ஏறிவிட்டு, வீட்டில் மாமனார் கொடுத்தது என்று சொல்லியிருக்க மாட்டாரா? காலியாவும் லாவோவும் கிட்டத்தட்டக் காலியாக ஓடின. பெயர் வைக்கும்போதே யாராவது தமிழில் யோசித்திருக்கலாம்.

"பெரிய கடைக்காரன் இப்பமும் அதத்தாம்லே செய்வான்" என்றார் மாமா. "நீ நல்லெண்ணெய் ஆட்டி வெச்சிருப்ப. அவன் ரீஃபைன்டு ஆயிலோட ஒரு பிளாஸ்டிக் வாளி சும்மா குடுப்பான். உங்க அத்தையே வாளிக்குத்தான் போவா."

அத்தை உள்ளேயிருந்து மறுக்கவில்லை.

வியாபாரம் இப்படித் தள்ளாடும்போது வ.உ.சி. கல்லாவில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தாரா என்றால், இல்லை. 1908 பிப்ரவரியில் தூத்துக்குடி கோரல் மில்லில் தொழிலாளர்களைச் சேர்த்து ஸ்ட்ரைக் நடத்தப் போய்விட்டார். முதலாளியாக இருந்துகொண்டே அடுத்த முதலாளியின் மில்லில் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்த ஆளை எந்தத் தொழிலதிபர் சங்கத்தில் சேர்ப்பார்கள்? அந்த ஸ்ட்ரைக் ஜெயித்தது என்பது இன்னும் மோசம்.

மார்ச்சில் கைது செய்தார்கள். திருநெல்வேலி கொந்தளித்து, கண்ணில் பட்ட சர்க்கார் கட்டடங்களுக்குத் தீ வைத்தது. மண்ணெண்ணெய்க் கிடங்கும் எரிந்தது. ஜூலையில் நீதிபதி பின்ஹே தீர்ப்புச் சொன்னார். ராஜத்துரோகமாகப் பேசியதற்கு 20 வருடம். கூட மேடையேறிய சுப்பிரமணிய சிவாவுக்கு ஆதரவு கொடுத்து உடந்தையாக இருந்ததற்கு இன்னொரு 20 வருடம். பேச்சுக்கு எவ்வளவோ விருந்தோம்பலுக்கும் அவ்வளவே. "இதுக்குத்தான் நான் யாரையும் வீட்ல தங்கவிடுதது இல்ல" என்றார் மாமா. ஹைக்கோர்ட்டில் தண்டனை ஆறு வருடமாகக் குறைந்தது.

கோயம்புத்தூர் ஜெயிலில் மாட்டுக்குப் பதில் அவரைச் செக்கில் பூட்டினார்கள். இதை வைத்துச் சிரிக்க எனக்கு வாய் வரவில்லை. அந்தக் கல்செக்கைக் கிண்டி காந்தி மண்டபத்தில் வைத்திருக்கிறார்கள். போய்ப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வராது. நான் வாங்கியது வாகை மரத்தில் கடைந்த செக்கு, மோட்டார் போட்டது. சுவிட்சைத் தட்டிவிட்டு நான் போன் பார்க்கலாம். இரண்டரைக் கிலோ எள்ளும் கொஞ்சம் கருப்பட்டியும் போட்டால் ஒரு லிட்டர் நல்லெண்ணெய் வரும். மூட்டை எள்ளை மாடியிலிருந்து இறக்கியதற்கே எனக்கு மூன்று நாள் இடுப்பு பிடித்துக்கொண்டது. அன்று ராத்திரி அந்த மனிதரை நினைத்தேன். விளம்பரத்தில் 'பாரம்பரியச் செக்கு' என்று போட்டிருந்ததில் முதல் வார்த்தையை மறுநாள் அடித்துவிட்டேன்.

அவர் உள்ளே இருக்கும்போதே, 1911-ல், கம்பெனியைக் கலைத்தார்கள். கப்பல்கள் ஏலத்துக்கு வந்தன. எடுத்தவர்கள் போட்டிக் கம்பெனிக்காரர்கள். குடைச் செலவு வசூலாகிவிட்டது.

1912 டிசம்பரில் வெளியே வந்தபோது வரவேற்கப் பழைய கூட்டமில்லை, வக்கீல் சன்னதும் இல்லை. சென்னைக்குப் போய் மளிகைக் கடை வைத்தார். மண்ணெண்ணெயும் விற்றார். அவர் கைதானதற்காக ஒரு ஊரே மண்ணெண்ணெயை எரித்தது. அவரோ அதை அளந்து ஊற்றிக் காசு எண்ண வேண்டியிருந்தது. தென்னாப்பிரிக்காவில் இருந்த தமிழர்கள் இவருக்கென்று பணம் திரட்டிக் காந்தியிடம் கொடுத்திருந்தார்கள். அந்த 347 ரூபாய் 12 அணாவைக் கையில் வாங்க, காந்திக்கும் இவருக்கும் கடிதமாகப் போய் வந்துகொண்டிருந்தது. பணம் ஒருவழியாக வந்தது. கடிதங்களில் இவர் குரல், எங்கள் ஊர் ஜவுளிக்காரர்கள் பாக்கிக்காக வெளியூர்க் கடைக்குப் போன் போடும்போது வருமே, "ஒண்ணும் அவசரமில்ல அண்ணாச்சி, ஞாபகப்படுத்தலாம்னுதான்" என்று, அதே குரல்தான்.

வாலஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதி வக்கீல் சன்னதைத் திரும்ப வாங்கிக் கொடுத்தார். நன்றிக்கடனாகப் பிள்ளைக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார் வ.உ.சி. துரையையும் ஈசுவரனையும் ஒரே பெயரில் ஒட்டவைத்தவர், எங்கள் கோயில் பார்ட்னர்ஷிப்பைப் பார்த்துவிட்டுப் போயிருப்பாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம். பக்கத்துக் கோவில்பட்டியில்தானே வக்கீலாக இருந்தார்! 1936 நவம்பர் 18-ல் தூத்துக்குடியில் இறந்துபோனார்.

1961-ல் டைரக்டர் பந்துலு சிவாஜியை வைத்து இவர் கதையைப் படமாக எடுத்தார். கப்பலோட்டிய படம் ஓடவில்லை.

"இப்பச் சொல்லு" என்றார் மாமா, கேஸை முடித்துவிட்ட வக்கீல் மாதிரி.

எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. அவர் சொன்ன அத்தனையும் உண்மை. அத்தனை உண்மையையும் கேட்டபிறகு மறுநாள் காலை போய்க் கடைக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்தேன். ஏன் என்று கேட்டால் அந்தக் குடையைத்தான் சொல்வேன். பி.ஐ.க்காரனை அந்தப் பாடு படுத்திவிட்டுத்தானே சுதேசிக் கம்பெனி நொடித்தது!

ஆடித் தபசு கழிந்து நல்ல நாள் பார்த்துக் கடை திறந்தேன். ரத வீதியில் தேங்காய் உடைத்து, சுவிட்சைத் தட்டி, செக்கு சுற்ற ஆரம்பித்ததும் முதல் ஆளாக மாமாதான் வந்தார். குனிந்து எண்ணெயை மோந்து பார்த்தார். விரலில் தொட்டு நாக்கில் வைத்தார்.

"நல்லாத்தாம்லே இருக்கு. அரை லிட்டர் ஊத்து."

ஊற்றினேன். பாட்டிலைப் பைக்குள் வைத்துக்கொண்டு படி இறங்கியவர், திரும்பிப் பார்க்காமலே சொன்னார்:

"நோட்ல எழுதிக்கோ."

புது நோட்டை எடுத்துப் பிள்ளையார் சுழி போட்டேன். முதல் பக்கம், முதல் வரி: மாமா, நல்லெண்ணெய் அரை லிட்டர், பாக்கி.