ஆக்சில் நீக்கம்: ஒரு பூர்வாங்க விசாரம்

கழற்றுதல் இருவகைப்படும்: கழற்ற எண்ணியதைக் கழற்றுதல் ஒன்று, அதனை அடையும் பொருட்டு, கழற்ற எண்ணாத யாவற்றையும் கழற்றுதல் மற்றொன்று. பழைய மோட்டார் வண்டியின் டிரைவ் ஷாஃப்டை, ஒர்க் ஷாப் வழக்கில் ஆக்சிலை, வீட்டு வாசலில் வைத்து நீக்குவது இவற்றுள் இரண்டாவதைச் சார்ந்தது என்பதும், அதை உருவியெடுக்கும் கிருத்தியம் சில நொடிகளே நீடிக்க, முந்திய சடங்குகளே ஒரு ஞாயிற்றுக்கிழமையை முழுவதுமாக விழுங்கிவிடுகின்றன என்பதும் இக்கட்டுரையின் துணிபுகள். ஆராய்ச்சிக்கு மாருதி 800 என்னும் வண்டியை எடுத்துக்கொள்வோம். அது பழையதாகவும், விற்க மனம் வராமல் பலர் இன்னும் வைத்திருப்பதாகவும் இருத்தலின்.

1983 டிசம்பர் 14ஆம் தேதி அவ்வண்டியின் முதல் சாவி கைமாறுவதற்கு முன்பு, நம் சாலைகளில் பெருவாரியாக ஓடிய அம்பாசிடரும் பியட்டும் எஞ்சினை முன்னே வைத்துக்கொண்டு பின்சக்கரங்களையே சுழற்றின. திரும்புவது முன்சக்கரத்தின் தர்மம், தள்ளுவது பின்சக்கரத்தின் தர்மம் என்று பாகுபாடு தெளிவாயிருந்தது. 796 சி.சி. எஞ்சினைக் குறுக்காகக் கிடத்திய மாருதியோ, இரு தர்மங்களையும் முன்சக்கரத்தின் தலையிலேயே சுமத்திற்று. அங்ஙனமாயின், சக்கரம் எந்தக் கோணத்தில் திரும்பி நின்றாலும் தண்டு சீராகச் சுழல வேண்டுமன்றோ? கார்டானோ, ஹூக் ஆகியோரின் பெயரால் வழங்கும் பழைய கிராஸ் ஜாயிண்டுக்கு இந்தச் சமநிலை வாய்க்கவில்லை. ஒரு பக்கம் ஒரே வேகத்தில் சுழன்றாலும், வளைந்து நிற்கும் மறுபக்கம் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை விரைந்தும் இருமுறை தயங்கியும் சுழலும். இக்குறையை 1920களில் ரெசெப்பா என்னும் பொறியியலார், வளைந்த பள்ளங்களுக்குள் ஆறு எஃகுக் குண்டுகளை இருத்தி, இரு தண்டுகளின் கோணத்தைச் சரிபாதியாக வகுக்கும் தளத்திலேயே அவை எப்போதும் நிற்கும்படி செய்து நீக்கினார். 1959இல் வெளிவந்த மினி கார் இவ்வகை ஜாயிண்டைச் சாமானியரின் சொத்தாக்கிற்று. இத்தனை மகிமையும் ஒரு ரப்பர் உறைக்குள், கிரீஸில் மூழ்கி வாழ்கிறது. ரப்பர் கிழிந்த அன்றே அதன் ஆயுள் எண்ணப்படத் தொடங்குகிறது.

ஆக்சிலைக் கழற்றத்தான் வேண்டுமா என்பதை நிச்சயிக்க நம் முன்னோர் வகுத்த மூன்று பிரமாணங்களும் இங்கே பயன்படுகின்றன. சக்கரத்தின் உட்புறமெங்கும் கரிய கிரீஸ் தெறித்திருப்பதைக் குனிந்து காண்பது பிரத்தியட்சம். ஸ்டியரிங்கை முழுதும் ஒடித்து மெல்ல நகர்த்துகையில் ‘டக்டக்டக்’ என்று எழும் ஒலியைக் கொண்டு குண்டுகளின் பள்ளம் தேய்ந்துவிட்டதென அறிவது அனுமானம். வண்டியைப் பாராமலே, டீயை ஆற்றிக்கொண்டு, “ஆக்சில் போயிருச்சு சார்” என்று மெக்கானிக் சொல்வது ஆகமம். மூன்றும் முரண்படும்போது எது வலிது என்று கேட்பின், நடைமுறையில் எப்போதும் ஆகமமே வென்றிருக்கிறது. இது நியாய சாஸ்திரத்துக்குப் பெருமை தருவதன்று.

இனிப் பிரதான விஷயமாகிய ஹப் நட்டுக்கு வருவோம். சக்கரத்தின் நடுவே கிரீடம் போல் வீற்றிருக்கும் இந்த நட்டை, வண்டி தரையில் நிற்கும்போதே, ஒருவர் பிரேக்கை அழுத்திக்கொண்டிருக்க, மற்றொருவர் தளர்த்திவிட வேண்டும். ஜாக்கியில் ஏற்றியபின் முயல்வோர், சக்கரம் சுழல்வதையும் வண்டி ஆடுவதையும் கண்டு கலங்குவர். பிரேக் மிதிக்கும் பதவி மரபாக வீட்டிலுள்ள பிளஸ் டூ மாணவனுக்கே உரியது. “நல்லா அமுக்குடா” என்னும் வாக்கியம் அவனுக்கு அன்று பன்முறை உபதேசிக்கப்படும். ஸ்பேனரின் கைப்பிடிக்குள் நீண்ட இரும்புக் குழாயொன்றைச் செருகி அதன் நுனியில் ஏறி நிற்பது சம்பிரதாயம். நெம்புகோல் தத்துவத்தின்படி குழாயின் நீளம் இருமடங்கானால் திருகுவிசையும் இருமடங்காகும். அப்போதும் நட்டு அசையாதிருக்கும். அந்நேரம் பார்த்து எதிர்வீட்டு ஓய்வுபெற்ற அதிகாரி காம்பவுண்டுச் சுவரில் முழங்கையை ஊன்றி, “தம்பி, இது லெஃப்ட் மரையா இருக்கும், எதுக்கும் அந்தப் பக்கம் திருப்பிப் பாருங்களேன்” என்பார். இக்கொள்கையை ஏற்பவரின் நட்டு முன்னிலும் இறுகும் என்பதே இதற்குக் கண்டனம். மரைக்கு எண்ணெய் விட்டு ஓரிரவு ஊறவிடுக என்பது சித்தாந்தம். ஓரிரவு பொறுத்திருக்கக் கூடியவர் இந்த வேலையைத் தாமே செய்யத் துணிந்திருக்கமாட்டார் என்பது அதன்மேல் எழும் ஆட்சேபம்.

நட்டு தளர்ந்தபின் மற்றவை வேதாந்திகளின் ‘நேதி நேதி’ மார்க்கத்திலேயே நடைபெறுகின்றன: இதுவன்று, இதுவன்று என்று ஒவ்வொன்றாக விலக்க வேண்டும். வண்டியை உயர்த்தி ஸ்டாண்டின் மேல் அமர்த்துக. செங்கல்லை அடுக்குவோர் ஆராய்ச்சியாளர் அல்லர், தற்கொலையாளர். சக்கரம் போயிற்று. கியர் ஆயிலை வடித்தாயிற்று. வடிக்கத் தவறியவரின் வாசற்படி, ஆக்சில் கியர் பெட்டியை விட்டு வெளிவரும் அக்கணத்தில் அபிஷேகம் பெறும். பிறகு கீழ்க்கையின் பால் ஜாயிண்டைப் பிடித்திருக்கும் போல்ட்டை நீக்கிக் கடப்பாரையால் கீழ்நோக்கி நெம்பினால், ஹப் வெளிப்புறமாக அசைந்து கொடுக்கும். ஆக்சிலின் நுனி அதிலிருந்து வர மறுப்பின், மரத்துண்டை வைத்துத் தட்டுக. சுத்தியலை நேரே இறக்கினால் நுனி காளானாய் விரிந்து, நட்டு இனி எந்நாளும் ஏறாது. மறுமுனையைக் கியர் பெட்டிக்குள் ஒரு சிறு கம்பி வளையம் பற்றிக்கொண்டிருக்கும். தண்டைப் பிடித்து இழுத்தால் வளையம் விடாமல் உட்பக்க ஜாயிண்டே பிரிந்து கையோடு வந்துவிடும் ஆதலின், ஜாயிண்டின் கழுத்துக்கும் பெட்டிக்கும் இடையே நெம்புகோலைச் செலுத்தி ஒரே வீச்சில் உந்த வேண்டும். ‘ளக்’ என்று ஒரு சப்தம், அவ்வளவே.

வாங்கி வைத்திருக்கும் புது ஆக்சில் இடப்பக்கத்துக்கா, வலப்பக்கத்துக்கா என்னும் வினா இப்போதுதான் சபையில் எழுகிறது. கியர் பெட்டி நடுவில் அமையாமையால் இரண்டும் ஒரே நீளமல்ல. இதைக் காலையிலேயே கேட்டிருக்கலாமே என்பது மனைவிமார் பக்ஷம். அதற்குத் தகுந்த சமாதானம் இன்னும் எழுதப்படவில்லை.

பொருத்துதல், கழற்றியதன் தலைகீழ் என்று கைநூல்கள் ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. ஹப் நட்டைக் காக்கும் ஸ்ப்ளிட் பின் உள்ள வண்டிகளில் பழைய பின்னையே நிமிர்த்திப் போடலாமா என்னும் விவாதம் மட்டும் எஞ்சுகிறது. ஒருமுறை வளைந்த கம்பி நிமிர்த்தும்போதே பாதி ஒடிந்தது என்பதால், புதியதே இட வேண்டும் என்று சாஸ்திரம் விதிக்கிறது. புதியதன் விலையோ அற்பம். ஆனால் அதை விற்கும் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை.