முப்பத்தெட்டரை பவுண்டு

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குப் பெட்ரோல் பங்கில் காற்றடிக்கிற பையனோடு ஒருவர் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தால், கோயம்புத்தூரில் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம்.

"முப்பதாங்ணா?"

"முன்னாடி முப்பத்தாறு, பின்னாடி முப்பத்தெட்டரை கண்ணு."

"அரையெல்லாம் மிஷின்ல வராதுங்ணா."

அந்த அரையை அவரே சட்டைப்பையிலிருந்து கேஜை எடுத்துச் சரிசெய்துகொள்வார். பேனா இருக்க வேண்டிய இடத்தில் கேஜ்.

கார்ப் பந்தய வீரர் கரிவரதன் பெயரில் செட்டிபாளையத்தில் பந்தயத் தடமே வைத்திருக்கும் ஊர். 2005-இல் நரேன் கார்த்திகேயனை ஃபார்முலா ஒன்னுக்கு அனுப்பிய ஊர். நம்மாள் போவது அவ்வளவு தூரமில்லை. மைதானத்தில் கோன் நட்டு, ஒவ்வொரு காராக வளைத்து வளைத்து ஓட்டும் ஆட்டோகிராஸ். ஒரு நிமிஷம் போலத்தான் ஓட்டம். தயாரிப்பு ஆறு நாள்.

கார் பழைய ஸ்விஃப்ட். முன்சக்கரம் இழுக்கிற வண்டி. வளைவில் எவ்வளவு ஒடித்தாலும் மூக்கு நேரே போகப் பார்க்கும். பின் டயரில் காற்றைக் கூட்டினால் பின்பக்கப் பிடி தளர்ந்து, கொஞ்சம் சொன்னபடி திரும்பும். ரொம்பக் கூட்டினால் வால் வீசிச் சுற்றிவிடும். ஆகவே ஓட்டத்துக்கு ஒரே மாற்றம், அதுவும் இரண்டு பவுண்டு, அதுவும் டயரில் எழுதியிருக்கும் உச்ச அளவுக்குள். இந்தக் கட்டுப்பாட்டை மைசூர்பாகிலும் காட்டினால் அவருடைய டாக்டர் மகிழ்வார்.

டயரின் தோளில் சாக்பீஸ் கோடு போட்டு, ஓட்டி வந்ததும் மண்டிபோட்டுப் பார்ப்பார். பக்கச்சுவர் வரை கோடு அழிந்திருந்தால் டயர் மடங்குகிறது, காற்று போதாது. எதிர்வீட்டுப் பாட்டி இதைத் திருஷ்டிக்கோடு என்று நினைத்து, எலுமிச்சம்பழமும் வைக்கச் சொன்னார். வைக்கிறார். அலைன்மென்ட் கடைக்காரர் முன்சக்கரங்களை வெளிப்பக்கம் பார்க்க வைத்தால் "டயரை உள்பக்கமாத் தின்னுருங்ணா" என்று எச்சரித்தார். "திங்கட்டும்" என்றார் நம்மாள்.

போட்டியன்று ஸ்டெப்னி, ஜாக்கி, குடை, மகளின் தண்ணீர் பாட்டில் எல்லாம் இறங்கும். உருண்டுபோய் பிரேக்குக்கு அடியில் மாட்டினால் அப்புறம் கோன் கணக்கா முக்கியம்? டாஷ்போர்டு பிள்ளையாரை மட்டும் எடுக்க மனசு வரவில்லை. வண்டியைச் சோதித்தவர் ஆட்டிப் பார்த்தார். பிள்ளையார் அசையவில்லை, அனுமதி கிடைத்தது. வீல் நட்டுகளை மூன்று தடவை முடுக்கி, ஹெல்மெட் மாட்டிப் போனவர் கோன் இரண்டைச் சாய்த்துவிட்டு வந்தார்.

"சூட்டுல காத்து மூணு பவுண்டு ஏறிருச்சு" என்றார். ஏறத்தான் செய்யும். கோன்கள் இருந்த இடத்திலேயேதான் இருந்தன.

திங்கட்கிழமை மனைவி காரை எடுத்துக்கொண்டு காய் வாங்கப் போனார். முதல் வேகத்தடை தாண்டியதும் போன் வந்தது.

"ஏனுங், பின்னாடி காத்தை எறக்காமயே நிறுத்திட்டீங்களா?"

"கேஜ் வெச்சுப் பாத்தியா?"

"கேஜ் எதுக்குங்? இடுப்பே சொல்லுது."