கேளுங்க மாமா! – கப்பல் பட ஸ்பெஷல்

எங்கள் ஊருக்கும் கடலுக்கும் ஸ்நானப் பிராப்திகூடக் கிடையாது. ‘தாரிணி’ ஆவணப்படத்தை நாங்கள் எதற்குப் பார்க்க வேண்டும்?
– ஜவ்வரிசி வியாபாரி, அயோத்தியாப்பட்டணம்

சந்திரனில் கால் வைத்ததை மட்டும் பக்கத்துத் தெரு என்றா பார்த்தீர்கள்? கடற்படைப் பெண்கள் ஆறு பேர், ‘தாரிணி’ என்ற 55 அடிப் பாய்மரப் படகு. 2017 செப்டம்பர் 10 கோவாவில் புறப்பாடு. உலகைச் சுற்றிவிட்டு 2018 மே 21 அதே கோவா. படம் 2019 மகளிர் தினத்தில் நேஷனல் ஜியாகிரஃபிக் சேனலில் வந்தது. உப்புக்காற்று இல்லாமல் கடல் பார்க்கலாம், டி.வி. துருப்பிடிக்காது.

படத்தில் அலை ஒன்றும் பயமாக இல்லையே?
– கல்லூரி மாணவர், வாழப்பாடி

மாலுமிகள் காலங்காலமாகச் சொல்லும் புகாரே இதுதான், தம்பி. எட்டடி அலையைக் கேமரா எட்டணா அலையாக்கிவிடும். படகு சாயும்போது கேமராவும் கூடவே சாய்கிறது. பிறகு சாய்வு எங்கே தெரியும்? போதாததற்கு, நிஜப் புயலில் பன்னிரண்டு கையும் கயிற்றிலும் சுக்கானிலும். படம் பிடிக்கப் பதின்மூன்றாவது கை இல்லை. நீங்கள் பார்த்தது, கொஞ்சம் ஓய்வாக இருந்த புயல்.

நடுக்கடலில் ஸ்டியரிங் மக்கர் பண்ணினால்?
– லாரி ஓட்டுநர், சங்ககிரி

தாரிணிக்கே பண்ணியது, கேப்டவுனிலிருந்து கோவா திரும்பும் கடைசிக் கட்டத்தில். திட்டத்திலேயே இல்லாத மொரீஷியஸின் போர்ட் லூயிஸில் ஒதுங்கிச் சரிசெய்தார்கள். சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு டீ குடிக்கப் போகிற சமாசாரமா அது?

நடுக்கடல்தானே ஆபத்து? கரையை ஒட்டியே போனால் சௌகரியம்தானே?
– நெசவாளர், அம்மாபேட்டை

இதை எந்தத் தூத்துக்குடித் தோணித் தண்டலிடமும் கேட்டுவிடாதீர்கள், சிரிப்பில் சுக்கானை விட்டுவிடுவார். கடலோடி பயப்படுவது கரைக்குத்தான். நடுக்கடலில் முட்டிக்கொள்ள என்ன இருக்கிறது? கரையோரம் பாறை, மணல்திட்டு, குறுக்கு நீரோட்டம், அடுத்தவர் வலை.

மன்னார் வளைகுடாவில் மட்டும் 21 தீவுகள், சுற்றிலும் பவளப்பாறை. பாக் நீரிணை இன்னும் விசேஷம். ஆழம் போதாமல், தூத்துக்குடியிலிருந்து சென்னை வரும் பெரிய கப்பல் இலங்கையையே பிரதட்சிணம் செய்துவிட்டு வருகிறது! டி.வி.க்காரர்கள் புயலுக்கு அடிக்கிற மத்தளத்தை ஒரு மணல்திட்டுக்கு அடித்திருந்தால் மாலுமிகள் எழுந்து நின்று கைதட்டியிருப்பார்கள்.

உலகைச் சுற்ற 21,600 கடல் மைல் என்கிறார்களே, யார் அளந்தது?
– கணக்கு வாத்தியார், நாமக்கல்

பூமிக்கு 360 பாகை. பாகைக்கு 60 கலை. கலைக்கு ஒரு கடல் மைல். பெருக்கல் உங்கள் இலாகா.

தமிழ்ப் பெண் யாரும் இப்படிப் போனதில்லையா, மாமா?
– இல்லத்தரசி, ஆத்தூர்

ஏன் இல்லை? புதுச்சேரி ரூபா அழகிரிசாமி! கேரளத்து தில்னாவுடன், அதே தாரிணியில், இரண்டே பேர். 2024 அக்டோபர் 2 முதல் 2025 மே 29 வரை. வழியில் ‘பாயின்ட் நீமோ’: எந்தக் கரைக்கும் 2,600 கிலோமீட்டருக்கு மேல். விண்வெளி நிலையம் தலைக்கு மேலே வந்தால் அது 400 கிலோமீட்டர்தான். சர்க்கரை தீர்ந்தால் மேல் வீட்டில்தான் கைமாற்று!

மாலுமிகள் எந்தப் படத்தையும் பாராட்டவே மாட்டார்களா?
– கொலுசுப் பட்டறைக்காரர், செவ்வாய்ப்பேட்டை

பாராட்டுவார்கள். ஒருத்தர் வாளியும் கையுமாக வாந்தி எடுக்க வேண்டும். காற்றே இல்லாமல் பாய் தொங்க, படகு நாள் முழுக்க நகராமல் கிடக்க வேண்டும். அதை முழுசாகக் காட்டச் சேனலும் தயார்தான். சோப்பு கம்பெனிதான் ஒத்துக்கொள்ளாது.