காத்து வாங்கக் கத்துக்கோ கண்ணு

வா சாமி, வா. ஆட்டோகிராஸ் ஓட்டப் போறியாமா? நெம்ப சந்தோசம். உன்ற காரை ஒரு சுத்துச் சுத்திப் பாத்துப்போட்டுத்தான் வாறேன். பின்னாடி ரெக்கை வெச்சிருக்கறே. என்னைக்காச்சும் பறக்க உதவும். பானெட்டுல ரெண்டு கோடு இழுத்திருக்கறே. கோடு போட்டா வேகம் வந்துருமல்ல. சைலன்சர் மாத்துன சத்தத்துல பக்கத்துத் தோட்டத்து நாயெல்லாம் ஊரை விட்டே போயிருச்சு. எல்லாஞ் சரி. டயர்ல காத்து எவ்வளவுன்னு கேட்டா மட்டும் ஏங்கண்ணு வானத்தப் பாக்கறே?

"போன மாசம் பங்க்ல அடிச்சேன் அப்புச்சி"ங்கறே. போன மாசக் காத்துல இந்த மாசப் போட்டியா? நல்லா வருவே.

ஆட்டோகிராஸ்னா என்ன? திடல்ல பிளாஸ்டிக் கோன் நட்டு வழி பண்ணியிருப்பாங்க. ஒரு நேரத்துல ஒத்தக் காருதான் ஓடும். உன்ற எதிராளி கடிகாரம். ஒரு ஓட்டம் ஒரு நிமிசம், கூடிப்போனா ஒண்ணரை. கோனைத் தட்டுனா அபராத நொடியச் சேத்துருவாங்க. அமெரிக்காவுல எஸ்சிசிஏங்கற கார்ச் சங்கத்து விதிப்படி கோனுக்கு 2 நொடி. நேரா ஓடற தொலவு கம்மி, திருப்பந்தான் சாஸ்தி. அங்க உன்ற எஞ்சின்ல பாதிக்குத் தூங்கற சோலிதான். தரையத் தொடறது நாலு டயரு, அதுலயும் ஒவ்வொண்ணும் உள்ளங்கை அகலந்தான் தொடும். அந்த நாலு உள்ளங்கையை ஒழுங்கா வெச்சுக்கறவன் ஜெயிக்கறான். நீ ரெக்கைக்குக் குடுத்த காசுல பத்துல ஒரு பங்குகூட இதுக்கு வேண்டாம். அதுதான் உனக்குப் புடிக்கலையோ என்னமோ.

டயருக்கு என்ன அவ்வளவு மரியாதைன்னு நெனைக்காதே. 2005 ஜூன் 19, அமெரிக்காவுல இண்டியானாபொலிஸ் ஃபார்முலா 1 போட்டி. சாஞ்ச 13-வது திருப்பத்துல எங்க டயரு தாங்கும்னு உறுதி சொல்ல முடியாதுன்னு மிஷெலின்காரங்களே கைய விரிச்சுட்டாங்க. ஒரு சுத்து பவனி வந்துட்டு 14 காரு ஒட்டுக்கா கொட்டாய்க்குள்ள திரும்பிருச்சு. பிரிட்ஜ்ஸ்டோன் டயரு போட்ட 6 காருதான் ஓடுச்சு. அதுல நம்ம கோயமுத்தூர்ப் பையன் நாராயண் கார்த்திகேயன் ஜோர்டான் காருல நாலாவதா வந்து 5 புள்ளி வாங்குனாரு. ஆறு பேர்ல நாலாவதான்னு சிரிக்கறியா? கோடி கோடியாக் கொட்டுன 14 காரும் வேடிக்கை பாத்ததல்ல, அதுக்குச் சிரி.

சரி, காத்துக்கு வருவோம். மொதல்ல சொந்தமா ஒரு நல்ல கேஜு வாங்கு. பங்க்ல இருக்கறது ஒரு எடத்துல 33 காட்டும், அதே டயருக்கு அடுத்த பங்க்ல 36 காட்டும். எந்தக் கேஜு சொல்றது நெசம்னு பஞ்சாயத்து வெக்காதே. எப்பவும் ஒரே கேஜுல பாத்தீன்னா ஏறுச்சா எறங்குச்சான்னு தெரியும், அது போதும்.

நைட்ரஜன் அடிச்சா காரு பறக்கும்னு உன்ற சிநேகிதன் சொன்னானாமே. சொல்லுவான். சும்மா கெடைக்கற காத்துலயே 78 சதவீதம் நைட்ரஜன் இருக்குது சாமி. மிச்சம் 22-க்கு நீ காசு குடுக்கறே. ஈரப்பதம் இல்லாத காத்துன்னா சூட்டுல ஏறி எறங்கறது கொஞ்சம் ஒழுங்கா இருக்கும், அவ்வளவுதான். வாரம் ஒருக்கா காத்துப் பாக்காதவனுக்கு அந்த ஒழுங்கு எதுக்கு?

டயர் பக்கவாட்டுல போட்டிருக்கற நம்பரு அந்த டயரு தாங்கற உச்சம். அதை அடிச்சுக்கோன்னு சொன்னதில்லை. டிரைவர் கதவோரத்துல ஒட்டியிருக்கற சீட்டு இருக்குதல்ல, அதுதான் ரோட்டுக்குக் கணக்கு. ஆட்டோகிராஸுக்கு அதுக்கு மேல கொஞ்சம் ஏத்தோணும். முன்சக்கரம் இழுக்கற காருல கனத்துல பெரும்பங்கு முன்னாடிதான். திருப்பத்துல டயரு மடங்கி, பக்கவாட்டுச் சுவத்துல ஓட ஆரம்பிச்சுரும். அதுங்காட்டி உன்ற ஸ்விஃப்ட்டாட்டச் சின்னக் காருல சாதா டயருக்கு முன்னாடி 36, பின்னாடி 34 பிஎஸ்ஐன்னு ஆரம்பி. இது ஆரம்பம் மட்டுந்தான். வேதவாக்குன்னு கல்வெட்டுல வெட்டிப்போடாதே.

பொறவு ஒரு சாக்பீஸு எடு. டயரோட ஓரத்துல, நிலத்தத் தொடற பக்கமும் சுவரும் சேர்ற எடத்துல, மூணு நாலு கோடு போடு. பல டயர்ல அந்த எடத்துல ஒரு குட்டி முக்கோணம் இருக்கும். ஒரு ஓட்டம் ஓட்டிப்போட்டு எறங்கிப் பாரு. சாக்பீஸு முக்கோணத்தத் தாண்டி அழிஞ்சிருந்தா டயரு மடங்குது, காத்து பத்தலை, 2 ஏத்து. முக்கோணத்துக்கு வெகு முன்னாடியே அழியறது நின்னுபோச்சுன்னா காத்து சாஸ்தி, 2 எறக்கு. முனை வரைக்கும் அழிஞ்சிருந்தா கையக் கட்டிட்டு நில்லு. சாக்பீஸு பொய் சொல்லாது. வாட்ஸ்அப் குரூப்புல நம்பரு குடுத்த அண்ணந்தான் சொல்லுவான். அவன் காரு வேற, டயரு வேற, அவன் தொப்பையும் வேற.

அப்புறம் வெயிலு. ஏறக்குறைய அஞ்சரை டிகிரி சூடு ஏறுனா டயர்ல 1 பிஎஸ்ஐ ஏறும். காலைல ஏழு மணிக்கு 36 வெச்சே. வெயில் ஏறித் தாரு கொதிக்கற நேரத்துல, நாலு ஓட்டம் ஓடுனப்பறம் அது 40 ஆயிருக்கும். நீயோ ஸ்டியரிங் சரியில்லைன்னு பொலம்பிட்டிருப்பே. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பொறவு பாத்து, ஏறுனத எறக்கிவிடு. ஒரு பக்கம் மட்டும் வெயில் படற மாதிரி நிறுத்துனீன்னா அந்தப் பக்கத்து டயரு ரெண்டும் சூடேறிக் கெடக்கும். இடது திருப்பத்துல ஒரு காரு, வலது திருப்பத்துல வேற காரு ஓட்டுவே. சாயங்காலம் ஊட்டுக்குப் போகறதுக்கு முன்னாடி எறக்குன காத்த மறக்காம ரோட்டுக் கணக்குக்கு அடிச்சுக்கோ. இல்லைன்னா மறுநா காலைல குளுந்த டயரு தொங்கிப்போய் நிக்கும்.

திருப்பத்துல நீ ஸ்டியரிங்கத் திருப்பியும் மூக்கு நேராவே போகுதா? முன்டயர சாக்பீஸு சொன்ன எடத்துல வெச்சுட்டு, பின்டயர்ல 2 ஏத்திப் பாரு. பின்னாடி புடி கொஞ்சம் கொறையும், வாலு திரும்பும், மூக்கு உள்ள வரும். வாலு நெம்பத் திரும்பிக் கோனக் கும்புட்டுட்டு நிக்கறியா? பின்னாடி 2 எறக்கு. உன்ற ரெக்கை செய்யாத சோலிய ரெண்டு பிஎஸ்ஐ காத்து செய்யும்.

இனி அலைன்மென்ட். "கம்ப்யூட்டர்ல பாத்தாச்சு, எல்லாமே பச்சை காட்டுது"ன்னு சீட்ட நீட்டறே. பச்சைன்னா கம்பெனி குடுத்த எல்லைக்குள்ள இருக்குதுன்னு அர்த்தம். கம்பெனிக்காரன் உன்ற அம்மாவக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போறதுக்குக் காரு செஞ்சான், கோனுக்கு நடுவுல ஆடறதுக்கு இல்ல.

முன்சக்கரம் ரெண்டோட முன்பக்கமும் துளி வெளிய பாத்து நின்னா டோ-அவுட். மொத்தத்துல 1 மில்லிமீட்டர்லருந்து 3 வரைக்கும் வெச்சா, ஸ்டியரிங்கத் தொட்டதுமே மூக்கு திரும்பும். 3 நல்லதுன்னா 8 நெம்ப நல்லதுன்னு உன்ற மூளை சொல்லும், கேக்காதே. நுகத்தடியில பூட்டுன காளை ரெண்டும் ஆளுக்கொரு தெசையில இழுத்தா வண்டி எப்படிப் போகும்? அப்படித்தான் நேர் ரோட்டுல காரு அலையும். டயரோட உள்ளோரம் ரம்பப் பல்லாத் தேஞ்சுரும்.

அதை அளக்க மிஷின் வேண்டாம், நூலு போதும். காருக்கு ரெண்டு பக்கமும் சக்கரத்து மையத்து ஒசரத்துல நூல் கட்டு. ரெண்டு நூலுக்கும் நடுவுல முன்னாடியும் பின்னாடியும் ஒரே அகலம் இருக்கோணும். ஸ்டியரிங்க நேரா நிறுத்திக் கட்டிப்போட்டு, நூலுலருந்து ரிம்மோட முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் அளந்து பாரு. முன்விளிம்பு நூலுக்குக் கிட்ட இருந்தா அந்தச் சக்கரம் வெளிய பாக்குது. ஸ்டியரிங்கையும் சக்கரத்தையும் சேக்கற டை ராடத் திருகி ரெண்டு பக்கமும் சமமா வை. ஒவ்வொரு தடவை திருகுனதுக்கப்பறமும் காரைச் சித்த முன்ன பின்னத் தள்ளி ஒக்கார வெச்சுட்டு அளக்கோணும்.

அடுத்தது கேம்பர். காரு திருப்பத்துல சாயறப்ப வெளிப்பக்கத்து டயரும் சாஞ்சு வெளியோரத்துல நிக்கும். முன்கூட்டியே மேல்முனை உள்ள சாயற மாதிரி வெச்சா (அதுதான் நெகட்டிவ் கேம்பர்), சாயற நேரத்துல முழு அகலமும் தரையில படும். ஆட்டோகிராஸ்காரங்க நெகட்டிவ் 2, 3 டிகிரி வெப்பாங்க. உன்ற ஸ்விஃப்ட்டுல கேம்பரத் திருப்பறதுக்குக் கம்பெனி வழி வெக்கலை. கேம்பர் போல்ட் போட்டா ஒண்ணு, ஒண்ணரை டிகிரி கெடைக்கும். அதுவே உனக்கு நெறயத்தான். பின்னாடி இருக்கறது ஒரே உத்தரம், அங்க திருகறதுக்கு ஒண்ணுமில்லை, சும்மா விடு. தகடு வெச்சுப் பின்சக்கரத்த வெளிய பாக்க வெக்கறவங்களும் இருக்கறாங்க. மழையில பைபாஸ்ல பிரேக் போட்டா அந்த வாலு உன்னை முந்திக்கும்.

வரிசையும் முக்கியம். மொதல்ல காத்து, பொறவு கேம்பர், கடைசியா டோ. கேம்பரத் தொட்டா டோ தானா நகந்துரும். மாத்திச் செஞ்சா ரெண்டாந்தடவை செய்யறதுக்கும் நீதான் படுக்கோணும். அளக்கறப்ப டிரைவர் சீட்டுல உன்ற எடைக்கு அரிசி மூட்டைய ஏத்தி வை. உண்மையான எடைக்கு வை, கலியாண ஜாதகத்துல போட்ட எடைக்கு வேண்டாம்.

ஒரு நேரத்துல ஒண்ண மட்டும் மாத்து, ஒரு நோட்டுல எழுதி வை. காத்து, கேம்பர், டோ மூணையும் ஒட்டுக்கா மாத்திப்போட்டு, நேரம் கொறஞ்சா உன்ற கெட்டிக்காரத்தனம், கூடுனா காரு மேல பழின்னா நீ அரசியலுக்குப் போயிரலாம்.

நடுராத்திரி அவினாசி ரோட்டுல மட்டும் இதைச் சோதிச்சுப் பாக்காதே கண்ணு. மாருதி எஞ்சினை வெச்சே ஃபார்முலா மாருதிங்கற பந்தயக் காரக் கட்டுன கரிவரதன் பேர்ல செட்டிபாளையத்துல டிராக்கே இருக்குது. ஹெல்மெட்டு மாட்டி, பெல்ட்டு போட்டு, வீல் நட்டை ஒருக்கா முறுக்கிப் பாத்துட்டு, போட்டி வெக்கற எடத்துல போய் ஓட்டு. கேஜு, சாக்பீஸு, நூலு, நோட்டு இந்த நாலுக்கும் ஆகற செலவு உன்ற ரெக்கையோட பெயிண்டுக்குக்கூட ஆகாது. அதை மொதல்ல வாங்கு. அப்பவும் நேரம் கொறையலைன்னா, மாத்த வேண்டிய பாகம் ஸ்டியரிங்குக்குப் பின்னாடி ஒக்காந்திருக்குது.