பெருமாள் போகும் பிக்னிக்

கேள்வி: பின்லாந்துக்காரர்கள் லீவு விட்டால் ஏரி, ஆறு, காட்டுப்பாதை என்று கிளம்பிவிடுகிறார்களாமே? நமக்கு என்ன இருக்கிறது? (வாசகர், ஐயங்கார்குளம்)

பதில்: அவர்களுக்கு 1,88,000 ஏரிகள். அடுத்தவர் காட்டிலும் நடக்கலாம், காளான் பறிக்கலாம். யாரும் நாயை அவிழ்த்துவிட மாட்டார்கள்.

இருந்தாலும், ஊர்ப் பெயரிலேயே குளத்தை வைத்துக்கொண்டு கேட்கிறீர்களே! விஜயநகர காலத்தில் தாத்தாச்சாரியார் வெட்டிய ஏரி, சஞ்சீவிராயர் கோயில், பக்கத்திலேயே நடவாவிக் கிணறு. படியிறங்கிப் போனால் அடியில் தூண் மண்டபம். மற்ற நாளில் தண்ணீருக்குள் கிடக்கும் மண்டபத்தைச் சித்ரா பௌர்ணமிக்காக நீர் இறைத்து வெளியே கொண்டுவருவார்கள். காஞ்சி வரதராஜர் வந்து, கிணற்றுக்குள் இறங்கி, மண்டபத்தை வலம் வந்து, அப்படியே பாலாற்றுக்கும் போவார். ஏரி, கிணறு, ஆறு மூன்றையும் ஒரே பயணத்தில் காட்டும் டூர் கம்பெனி உண்டா?

பாலாற்றில் படகுச் சவாரி மட்டும் கேட்காதீர்கள். வருடத்தில் பல மாதம் அங்கே நடைப்பயிற்சிதான்.

அருகே உத்திரமேரூரில் 10ஆம் நூற்றாண்டிலேயே, பராந்தகச் சோழன் காலத்தில், ஏரியைக் கவனிக்கக் குடவோலை முறையில் ஏரி வாரியம் அமைத்தார்கள். அந்த வாரியத்தார் இப்போது இல்லை. ஆகவே கரையில் உலாவப் போகிறவர்கள் பிளாஸ்டிக் டம்ளரைத் தாங்களே திரும்ப எடுத்து வரவும்.