பக்கத்து வீட்டுப் பல்கலைக்கழகம்

எங்கள் காலத்தில் ஏற்காட்டுப் படிப்பே தலைகீழ். 1917இல் தொடங்கிய மான்ட்போர்ட் பள்ளிக்கு வெளியூர்ப் பிள்ளைகள் டிரங்குப் பெட்டியோடு மலையேறி வருவார்கள். உள்ளூர்க்காரர்கள் நாங்கள் காலேஜுக்காக 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மலையிறங்குவோம்.

படித்தது சேலம் அரசு கலைக் கல்லூரி. ஆனால் கேட்பவர்களிடம் "மெட்ராஸ் யுனிவர்சிட்டி" என்போம். 1982இல் கோவைக்குப் பாரதியார், திருச்சிக்குப் பாரதிதாசன் என்று பல்கலைக்கழகங்கள் வந்தபோதும் சேலத்தை மெட்ராஸ் விடவில்லை. அதில் எங்களுக்கு உள்ளூரப் பெருமை. 1857இல் பிறந்த பல்கலைக்கழகம், கடற்கரையில் சிஷோம் கட்டிய செனட் ஹவுஸ்! வகுப்பில் ஒருவரும் அதைப் பார்த்ததில்லை. பார்க்க வேண்டுமென்றால் ஏற்காடு எக்ஸ்பிரஸில் ராத்திரி முழுக்கப் போகவேண்டும். ஏற்காட்டுப் பக்கமே வராத அந்த ரயிலுக்கு ஏற்காட்டுக்காரன் பஸ் பிடித்து ஜங்ஷனுக்கு இறங்க வேண்டும். என் பட்டம் தபாலில் வந்தது. அப்பா சட்டம் போட்டு மாட்டினார். காப்பித் தோட்டத்து மேஸ்திரி செருப்பைக் கழற்றிவிட்டு வந்து பார்த்தார்.

1997 செப்டம்பர் 17, பெரியார் பிறந்தநாளில், சேலத்துக்கென்றே பெரியார் பல்கலைக்கழகம் பிறந்தது. பெங்களூர் நெடுஞ்சாலையில், கருப்பூர்ப் பக்கம், எங்கள் மலையடியில் வளாகம். சேலம், நாமக்கல், தர்மபுரி, பின்னால் பிரிந்த கிருஷ்ணகிரி என நான்கு மாவட்டக் கல்லூரிகள் அதன்கீழ். இவ்வளவு பக்கத்தில் வந்தால் யார் மதிப்பார்கள்? அண்ணன் மகள் அங்கே எம்.எஸ்ஸி. சேர்ந்தபோது சொந்தக்காரர் ஒருவர் துக்கம் விசாரிக்கும் குரலில் கேட்டார்: "ஏன் மாமா, மெட்ராஸ்ல சீட் கெடைக்கலியா?"

அவள் ஹாஸ்டல் அறையில் ஓசூர்ப் பெண் வீட்டுக்குப் போனில் தெலுங்கு பேசுவாளாம். ஒருத்தி சித்தேரி மலை, ஒருத்தி கொல்லிமலை. எந்த மலை மிளகு காரம் என்று கொல்லிமலைக்கும் ஏற்காட்டுக்கும் தினம் சண்டை. எங்கள் வகுப்பில் பெண்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மலைக்கிராமத்துப் பெண் ஒருத்திகூட இல்லை. அது அப்போது எங்களில் யாருக்கும் உறைத்ததாக நினைவில்லை. செனட் ஹவுஸ் நினைப்பிலேயே இருந்துவிட்டோம்.

அதே சொந்தக்காரர் போன வாரம் மகனுக்கு விண்ணப்பம் போட உதவி கேட்டு வந்தார்.

"மெட்ராஸ் வேண்டாமா?"

"பக்கத்துலயே இவ்ளோ பெரிய யுனிவர்சிட்டி இருக்கு, அங்க எதுக்குங்க மாமா? ரூம் வாடகை குடுத்தே மாளாது."

காப்பி வரும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவர், என் பட்டத்தைக் காட்டிக் கேட்டார்:

"தபால்ல வந்துச்சும்பீங்களே, அது கரஸ்ல படிச்சதுங்களா?"