வீட்டுக்குப் போற மாப்பிள்ளைக்கு

என்ன மனே, நிக்காஹ்வுக்கு நாள் வெச்சாச்சாமே! கத்தாரில இருந்து வந்த களையே இன்னும் போகல்ல, அதுக்குள்ள "குடும்பத்தில நான் சொல்றதுதான் நடக்கணும்" எண்டு கல்முனைச் சந்தியில நிண்டு கதைச்சியாம். நல்லம். ஆனா எந்த வீட்டில நிண்டு சொல்லப்போறாய்?

மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று, எங்க போனாலும் நம்மட கரையில மாப்பிள்ளதான் பொண்ணு வீட்டுக்குப் போறவன். வாப்பாவும் உம்மாவும் கடன்பட்டுக் கட்டின வீட்ட மகள்ட பேருக்கு எழுதிப்போட்டு, பின்வளவில ஒரு குசினியோட ஒதுங்குவாங்க. நீ கொண்டு போறது ரெண்டு சாரமும் ஒரு போனும். அதிகாரத்த எங்க கொழுவி வெக்கப்போறாய்? "வீடு தந்தீங்க மாமி, சந்தோசம்" எண்டு வாயத் திறந்து சொல்லு. மீசை உதிராது.

சம்பளத்த மறைக்கச் சொல்லி கூட்டாளிமார் படிச்சுத் தருவானுகள். மறை, மறை. லுஹருக்கு மறைச்சா அஸருக்கு முந்தி மாமிட காதில கிடக்கும். கடன மறைக்கிறது அதவிட மோசம். லீசிங்காரன் வந்து கேற்றத் தட்டுற அண்டைக்கு, அந்தக் கேற்றும் அவள்டதான். கூட்டாளிக்குப் பிணை நிக்கிறதெண்டா அவளுக்குச் சொல்லிப்போட்டு நில்லு. விருப்பமில்லாட்டி அவன்ட முகத்துக்கு நேர "ஏலா" எண்டு சொல்லு. அதச் சொல்ல வெக்கப்பட்டவனுகள்தான் இப்ப ஒழுங்கையால ஒளிச்சுத் திரியிறானுகள்.

பொண்ணு வீட்டார் உனக்குத் தாற கைக்கூலியும் பேசியிருக்காம். 1951ம் ஆண்டு 13ம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்திலயே அந்தப் பேர் இரிக்கி. காசு உன்ட கைக்கு வந்தாலும் அது பொண்ணுட பாவனைக்குக் குடுத்தது எண்டுதான் அதில கிடக்கு. காதியாருட்டப் போய் அவள் திருப்பிக் கேக்கலாம். அதால மோட்டச்சைக்கிள் வாங்கினா, பின்சீற்றில குந்த வேண்டியவன் நீதான்.

இன்னொரு பகிடியும் அதுக்குள்ள இரிக்கி. பதிவுக் கடதாசியில பொண்ணு ஒப்பம் வெக்கணும் எண்டு அந்தச் சட்டம் கேக்கல்ல, அவள்ட பொறுப்பாளி வலியார் வெச்சாப் போதும். வீட்டுச் சொந்தக்காரிக்குப் பேனை இல்ல! சட்டம் கேக்காட்டியும் நீ கேளு, "உனக்கு விருப்பமா?" எண்டு. இல்லையெண்டு சொன்னா சண்டை புடிக்காம கத்தாருக்கு டிக்கற் எடு.

2004 டிசம்பர் 26ல கடல் வந்தது உனக்கு எங்க ஞாபகம் இரிக்கப் போகுது. பிறகு கரையில இருந்து 200 மீற்றருக்குள்ள கட்டப்படாது எண்டாங்க. எத்தின பொண்டுகள்ட சீதன வளவு அதுக்குள்ள போச்சு! புது வீடு குடுக்க வந்த ஆக்கள் "குடும்பத் தலைவர் யாரு?" எண்டு கேக்க, நம்மட ஆம்பிளையள் நெஞ்ச நிமித்தினாங்க. பல இடத்தில கடதாசி புருசன்ட பேருக்குப் போயிற்று. "இது அவட வளவுக்குப் பதிலா வந்த வீடு, அவட பேருக்கு எழுதுங்க" எண்டு சொல்ல வாய் வந்தவனத்தான் நான் ஆம்பிள எண்டு கணக்கெடுப்பன். மத்தவனுக்குச் சலாம் சொல்லுவன், அவ்வளவுதான்.

சரி, எழும்பு. மாமி வீட்டுக்கு வெறுங்கையோட போகாத, ரெண்டு சட்டி எருமைத் தயிர் வாங்கு. ஒரு சட்டிய இஞ்ச வெச்சிட்டுப் போ. பயப்படாத, இது கைக்கூலி இல்ல, வாய்க்கூலி.